எறும்புக்கு மறக்கத் தெரியும், எக்ஸெல் ஷீட்டுக்குத் தெரியாது

டிஸ்கி: நான் பூச்சி விஞ்ஞானி கிடையாது. படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஜாவா. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்குற நாள்ல எறும்பைப் பத்தி படிக்கிறது ஒரு கிறுக்கு, அவ்ளோதான். கீழ வர்ற கருத்துக்கு எறும்புகள் பொறுப்பல்ல :-)

மேட்டருக்கு வருவோம். எறும்பை வச்சு நமக்குப் பாடம் எடுக்காத ஆள் உண்டா? ஸ்கூல்ல பி.டி. வாத்தியார் எடுத்தாரு. ஆபீஸ்ல எச்.ஆர். எடுக்குறாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பெரியப்பா தினமும் காலைல எடுக்குறாரு. எல்லாம் ஒரே பாட்டுதான்: எறும்பைப் பாரு, வரிசையா போகுது, ஒழுக்கம், ஒற்றுமை, தலைமைக்குக் கட்டுப்படுது, நீயும் அப்படி இரு. கூடவே "எறும்பு ஊரக் கல்லும் தேயும்".

எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. எறும்புகிட்ட கத்துக்க விஷயம் இல்லைன்னு சொல்லலை. நிறைய இருக்கு. ஆனா நாம அந்த வரிசையைப் பாத்து அசந்துபோய், தப்பான பாடத்தை எடுத்துக்கறோம். அந்த வரிசையில தலைவனே கிடையாது. ராணி எறும்பு முட்டை போடுறதோட சரி, "இப்படிப் போ, அப்படி வா"ன்னு யாருக்கும் ஆர்டர் போடுறதில்லை. வரிசைங்கிறது தரையில ஒட்டிட்டு இருக்குற ஒரு வாசனை. அந்த வாசனையோட பெருமையே அது அழிஞ்சு போறதுலதான் இருக்கு. இதைத்தான் யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டேங்கறாங்க.

சின்ன வயசுல எல்லாரும் செஞ்சிருப்போம். சுவத்துல எறும்பு வரிசையா போகும்போது குறுக்கே விரலை வச்சு ஒரு தேய்ப்பு. தேய்ச்ச இடத்துக்கு வந்ததும் எறும்பு திருதிருன்னு முழிக்கும். மீசையை ஆட்டும், திரும்பும், சுத்தும். அந்தப் பக்கம் வர்றதும் அதே கூத்துதான். 18-ம் நூற்றாண்டுல சுவிட்சர்லாந்துக்காரர் சார்ல்ஸ் போனே இதே வேலையைச் செஞ்சு பாத்து, எறும்பு கண்ணால பாத்து வழி பிடிக்கலை, தரையில ஏதோ இருக்குன்னு சொன்னாரு. நாம பண்ணா சேட்டை, அவர் பண்ணா ஆராய்ச்சி.

அந்த 'ஏதோ' எங்கேருந்து வருதுங்கிறதுக்குப் பதில் கிடைக்க 1959 வரைக்கும் ஆச்சு. எட்வர்ட் வில்சன்னு ஹார்வர்ட்ல ஒருத்தர் (2021 கடைசியில காலமானார்), நெருப்பெறும்போட வயித்தைப் பிரிச்சு, உள்ளே இருக்குற ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியா எடுத்து நசுக்கி, குச்சியில தொட்டு, புத்து வாசல்லேருந்து ஒரு கோடு போட்டுப் பாத்தாரு. குடல், விஷப் பை, எதுக்கும் எறும்பு அசையலை. கொடுக்குக்குப் பக்கத்துல டூஃபோர் சுரப்பின்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே சரியாத் தெரியாது. அதை நசுக்கிக் கோடு போட்டதும் புத்துக்குள்ளேருந்து எறும்புங்க கூட்டமா வெளிய ஓடி வந்துச்சு. கோடு முடியிற இடம் வரைக்கும் போயி, அங்க ஒண்ணுமே இல்லாம அலைஞ்சுதுங்க. அதாவது அந்தக் கோடு "வழி இது"ன்னு மட்டும் சொல்லலை. "எழுந்திரு, கிளம்பு, சோறு இருக்கு"ன்னு மொத்தத் தகவலும் அதுலயே இருந்துச்சு. இந்த மாதிரி ரசாயனங்களுக்கு ஃபெரமோன்னு பேர் வச்சதும் அதே 1959-லதான். வச்சவங்க கார்ல்சன், லூஷர்னு ரெண்டு பேர்.

எவ்வளவு கொஞ்சமா இருந்தா போதும்னு கேட்டீங்கன்னா தலை சுத்தும். டெக்சாஸ்ல இலை வெட்டும் எறும்பு ஒண்ணு இருக்கு. அதோட வழி ரசாயனத்தை 1971-ல பிரிச்சு எடுத்தாங்க. அது ஒரு மில்லிகிராம் இருந்தா பூமியைச் சுத்தி மூணு தடவை கோடு போடலாம், எறும்பும் மோப்பம் பிடிச்சு வந்துடும்னு கணக்கு சொல்றாங்க. நம்ம ஆபீஸ்ல ஒரு மீட்டிங் அறைக்கு வழி சொல்ல நாலு மெயில் போகுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு எறும்பு சும்மா சுத்திட்டு இருக்கு. சக்கரை கிடைச்சுது. திரும்பி வரும்போது கொடுக்கைத் தரையில உரசிக்கிட்டே வருது, பேனா பிடிச்சு எழுதுற மாதிரி. அந்தக் கோட்டைப் பிடிச்சு நாலு எறும்பு போகும். போன நாலுக்கும் சக்கரை கிடைச்சா அதுங்களும் கோடு போட்டுக்கிட்டே திரும்பும். வாசனை கூடும், நாப்பது போகும். சக்கரை தீந்துபோச்சா? வெறுங்கையோட திரும்புற எறும்பு கோடு போடாது. "சக்கரை தீந்துடுச்சு, யாரும் வராதீங்க"ன்னு சர்க்குலர் எல்லாம் கிடையாது. சும்மா எழுதாம விட்டுடும், அவ்வளவுதான். மீதியைக் காத்து பாத்துக்கும். நெருப்பெறும்பு ஒத்தை ஆளா போட்ட கோடு ரெண்டு நிமிஷத்துக்குள்ள உணர முடியாத அளவுக்கு ஆவியாயிடுதுன்னு வில்சன் 1962-ல எழுதியிருக்காரு.

ரெண்டு நிமிஷம்! நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த வழி இன்னிக்கும் இருக்குன்னா, கடைசி சில நிமிஷத்துக்குள்ள யாரோ போயி, பாத்து, பலன் கிடைச்சு, மறுபடி கையெழுத்து போட்டிருக்காங்கன்னு அர்த்தம். எறும்புக்கு 'வழக்கம்'னு ஒண்ணு இருக்குன்னா அது நிமிஷத்துக்கு நிமிஷம் புதுப்பிக்கப்படுற வழக்கம். நம்ம பாஷையில சொன்னா ஒவ்வொரு தகவலுக்கும் டிடிஎல் வச்சிருக்கு. அந்த நேரம் முடிஞ்சா தானா காலி. (பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியும். மத்தவங்க பால் பாக்கெட்டுல இருக்குற தேதியை நெனச்சுக்கோங்க.)

சரி, ஆவியாகலைன்னா என்ன ஆகும்? இதையும் பாத்துட்டாங்க. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்துல டெனுபூர், காஸ் மற்றும் சிலர் 1989, 1990 வாக்குல அர்ஜென்டினா எறும்பை வச்சு ஒரு பாலம் விளையாட்டு விளையாடினாங்க. இந்தப் பக்கம் புத்து, அந்தப் பக்கம் சாப்பாடு, நடுவுல ரெண்டு கிளையா பிரியிற பாலம். ரெண்டு கிளையும் ஒரே நீளமா இருந்தா பாதிப்பாதியா போகும்னுதானே நெனப்போம்? இல்லை. ஆரம்பத்துல தற்செயலா ஒரு பக்கம் நாலு எறும்பு கூடப் போயிருக்கும், அந்தப் பக்கம் வாசனை கொஞ்சம் தூக்கலாகும், அதனாலயே இன்னும் நாலு போகும், கொஞ்ச நேரத்துல கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பக்கம்தான். அந்தக் கிளைக்குன்னு எந்த விசேஷமும் கிடையாது. "எல்லாரும் அங்கதான் போறாங்க"ங்கிறதுக்கு அர்த்தம் "எல்லாரும் அங்கதான் போறாங்க", அவ்ளோதான். எந்த குரூப் எடுக்குறதுன்னு பத்தாவது முடிச்ச பையனுக்கு அட்வைஸ் பண்ற அத்தனை சித்தப்பாக்களுக்கும் இதைச் சமர்ப்பிக்கிறேன்.

ஒரு கிளை குட்டை, ஒரு கிளை நெட்டைன்னா குட்டைதான் ஜெயிக்கும். குட்டை வழியில போனது சீக்கிரம் திரும்பிடும், அங்க சீக்கிரம் வாசனை சேரும். இது வரைக்கும் அழகு. அடுத்து ஒரு குசும்பு பண்ணாங்க. முதல்ல நெட்டை வழியை மட்டும் வச்சு, அரை மணி நேரம் நல்லாப் பழக விட்டு, அப்புறமா குட்டை வழியைக் கொண்டு வந்து பொருத்தினாங்க. அர்ஜென்டினா எறும்புங்க திரும்பிக்கூடப் பாக்கலை. பக்கத்துலயே பாதி தூரத்துல வழி இருக்கு, ஆனா பழைய கோடு அவ்வளவு கனமா ஏறிப்போச்சு, அது கரையிற வேகம் பத்தலை. நெட்டை வழியிலயே நடந்துட்டு இருந்துதுங்க. ஐரோப்பாவுல தோட்டத்துல திரியுற கருப்பு எறும்பு இந்தப் பொறியிலேருந்து தப்பிச்சுடுது. அது நெட்டை வழியில கொஞ்ச தூரம் போனதும், "இது சரியில்லையே"ன்னு பாதி வழியில யூ டர்ன் அடிக்கிற பழக்கம் உள்ளது. வாசனை சொன்னாலும் சந்தேகப்படுற ஆளுங்க நாலு பேர் இருந்தா கூட்டத்துக்கே நல்லது போல.

சந்தேகமே படாத ஆளுங்க கதையும் இருக்கு. தென் அமெரிக்கக் காட்டுல படையெறும்புகள் உண்டு, ஏறக்குறைய குருடு, முன்னாடி போறது விட்ட வாசனைதான் சாமி. அன்னிக்கு பிரிட்டிஷ் கயானாவா இருந்த நாட்டுல வில்லியம் பீபிங்கிறவர் ஒரு கூட்டம் வட்டத்துல மாட்டிக்கிட்டதைப் பாத்துட்டு 1921-ல வந்த புத்தகத்துல எழுதினாரு. வட்டத்தோட சுத்தளவு 1,200 அடி. ஒரு எறும்பு ஒரு சுத்து முடிக்க ரெண்டரை மணி நேரம். ரெண்டு நாள் சுத்திச்சுதுங்க, வழியெல்லாம் பொணம். சுத்தச் சுத்த வாசனை கூடிக்கிட்டே போகுமே தவிர குறையாதே! கடைசியில நாலைஞ்சு எறும்பு எப்படியோ வரிசையை விட்டு விலகித் தடுமாறிப் போக, மிச்சம் மீதி அது பின்னாடி போயி தப்பிச்சுதுங்க. பி.டி. வாத்தியார் கண்ணுல பட்டிருந்தா அந்த நாலைஞ்சையும் முட்டி போட வச்சிருப்பாரு.

இதெல்லாம் நம்ம துறைக்கு வந்து ரொம்ப நாளாச்சு. மிலான்ல மார்கோ டொரிகோங்கிறவர் 1992-ல தன்னோட பிஎச்டி ஆய்வுல இந்த எறும்பு முறையை அப்படியே கணினிக்குக் கொண்டு வந்தாரு. ஒரு சேல்ஸ்மேன் எல்லா ஊருக்கும் ஒரு தடவை போயிட்டு வீடு திரும்பணும், எந்த வரிசையில போனா தூரம் கம்மின்னு ஒரு பிரசித்தி பெற்ற கணக்கு உண்டே, அதுக்கு டிஜிட்டல் எறும்புகளை விட்டு வழி தேட விட்டாரு. அதுல ரோன்னு ஒரு எண் இருக்கு. ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் இருக்குற வாசனை எல்லாத்துலயும் எவ்வளவு பங்கை அழிக்கணும்னு சொல்ற எண். டொரிகோவோட முதல் முறையில அதுக்கு நல்ல மதிப்பு 0.5. அதாவது ஒவ்வொரு சுத்துலயும் சேத்து வச்ச ஞானத்துல பாதியைத் தூக்கிக் குப்பையில போடணும்!

காலேஜ் கடைசி வருஷம் இதை நானே எழுதிப் பாத்திருக்கேன். வேணும்னே ரோவை சைபர்ல வச்சு ஓட்டினேன். எறும்புங்க அஞ்சாறு சுத்துலயே சுமாரான ஒரு வழியைப் பிடிச்சுட்டு, விடிய விடிய அதையே சுத்திட்டு இருந்துதுங்க. 0.5 வச்சா முதல்ல தடுமாறும், அசிங்கமா இருக்கும், அப்புறம் நல்ல வழிக்கு வரும். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து அந்தக் கோடுகள் மங்குறதையும் பளிச்சுன்னு ஆகுறதையும் பாத்துட்டு இருந்தப்பதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சுது.

இதை டீக்கடையில சொன்னா கூட வேலை பாக்குற நண்பன் கேட்டான்: "அதெல்லாம் சரி மாப்ள, புரொடக்ஷன் பாஸ்வேர்டை வெளிய சொல்லாதேங்கிறதும் ரெண்டு நிமிஷத்துல ஆவியாகணுமா?" நல்ல கேள்வி. எறும்பு இதுக்கும் பதில் வச்சிருக்கு. ஃபாரோ எறும்புன்னு பொடிசா மஞ்சளா ஒண்ணு, உலகம் முழுக்க வீட்டுலயும் ஆஸ்பத்திரியிலயும் திரியும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 2005-ல கண்டுபிடிச்சது என்னன்னா, சாப்பாடு இல்லாத கிளை பிரியிற இடத்துல இது 'இந்தப் பக்கம் வராதே'ன்னு தனி ரசாயனம் வைக்குது. நம்ம நோ என்ட்ரி போர்டு மாதிரி. அந்த விலக்குற வாசனை, 'வா'ன்னு கூப்பிடுற வாசனையை விட ரெண்டு மடங்குக்கும் மேல நேரம் தாங்குது. இது போக, நாள் கணக்குல நிக்கிற மெயின் ரோடு வாசனையும் தனியா இருக்கு. ஆக, எல்லாத்தையும் ஒரே வேகத்துல மறன்னு எறும்பு சொல்லலை. எச்சரிக்கை கூட நாள் நிக்கட்டும், பெரிய வழி இன்னும் கூட நிக்கட்டும். ஆனா எதுக்கும் சாகாவரம் கிடையாது. நோ என்ட்ரி போர்டும் ஒரு நாள் கரையும், மறுபடி யாராவது போயி பாத்து, இன்னும் காலியாத்தான் இருக்குன்னா புது போர்டு வைக்கணும்.

இப்ப எங்க ஆபீஸுக்கு வாங்க (பேரெல்லாம் கேக்காதீங்க, இ.எம்.ஐ. இருக்கு). ரிலீஸுக்கு முன்னாடி நிரப்பவேண்டிய எக்ஸெல் ஷீட் ஒண்ணு. 43 வரிசை. அதுல 17-வது வரிசை: ஃபேக்ஸ் சர்வர் சரிபார்க்கப்பட்டதா? எங்ககிட்ட ஃபேக்ஸ் சர்வர் கிடையாது. நான் சேந்தப்பவும் கிடையாது. எப்பவோ ஒரு ரிலீஸ்ல ஃபேக்ஸ் போகாம கஸ்டமர் கத்தியிருக்காரு, யாரோ ஒரு வரிசை சேத்திருக்காங்க. சேத்தது தப்பே இல்லை, அன்னிக்கு அது சரியான வாசனை. ஆனா அதுக்குக் காத்தே படலை. ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒருத்தர் "யெஸ்"னு போடுறாரு. போயி பாத்துட்டு வந்து போடுற கையெழுத்து இல்லை அது. வெறுங்கையோட திரும்புற எறும்பு கோடு போடுற மாதிரி. எறும்பு அப்படிச் செய்யாது.

ஷீட்டைப் பாத்து சிரிச்சுட்டுப் போயிடலாம். மனுஷங்க மேல வைக்கிற வாசனையைப் பாத்து சிரிக்க முடியலை.

வில்சனோட இன்னொரு சோதனை, 1958. செத்த எறும்பை மத்த எறும்புங்க தூக்கிட்டுப் போயி குப்பை மேட்டுல போடும். செத்துட்டதை எப்படிக் கண்டுபிடிக்குதுங்க? பொணத்துல உருவாகுற ஓலிக் அமிலத்தோட வாசனை. நல்லா உசுரோட இருக்குற எறும்பு மேல ஒரு சொட்டு அதைத் தடவி விட்டாரு. அவ்வளவுதான், கையைக் காலை உதைக்க உதைக்கத் தூக்கிட்டுப் போயி குப்பையில போட்டுட்டு வந்துதுங்க. திரும்பி நடந்து வந்தா மறுபடியும் தூக்கிட்டுப் போகும். "நான் சாகலைடா"ன்னு உதைக்கிறது கணக்குல வராது, லேபிள்தான் கணக்கு.

எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க. எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்க அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் ரெண்டு தடவை அவங்கதான் கூட்டிட்டுப் போகணும். அந்த வருஷம் சாயங்காலம் கால்ல இருக்க முடியலை, ரெண்டு ரிலீஸுக்கு வர முடியலை. அப்ரைசல்ல 'முன்னேற்றம் தேவை'ன்னு வந்துச்சு. அப்பா தவறிட்டாரு. அந்த ரேட்டிங் போட்ட மேனேஜரும் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவங்க பாத்த வேலையை நான் பக்கத்து சீட்டுலேருந்து பாத்திருக்கேன். போன வருஷம் ஆன்சைட்டுக்கு ஆள் எடுத்தப்ப புது மேனேஜர் சொன்னது: "நல்லாத்தான் பண்றாங்க, ஆனா ஹிஸ்டரி பாத்தா கொஞ்சம் யோசனையா இருக்கு." அவர் கெட்டவரெல்லாம் இல்லை. வாசனை வந்துச்சு, தூக்கிட்டுப் போயி போட்டுட்டாரு.

வித்தியாசம் என்னன்னா, அந்தச் சோதனையில எறும்பு தன்னைத்தானே நக்கித் தொடைச்சு சுத்தம் பண்ணிக்கிட்டதும் உள்ளே விட்டுட்டாங்க. நேத்து நீ பொணமா இருந்தியேன்னு யாரும் கேக்கலை. அக்காவுக்கு அந்த வசதி இல்லை. சர்வர்ல இருக்குறதை எதை வச்சுத் தொடைக்கிறது?

"அப்போ பழைய ரெக்கார்டே வேண்டாமா, நாளைக்கு நிஜமாவே ஓபி அடிக்கிறவனை எப்படிப் பிடிக்கிறது"ன்னு கேப்பீங்க. ஓபி அடிக்கிறவன் இந்த வருஷமும் ஓபி அடிப்பான் சார், வாசனை தானா புதுப்பிக்கப்படும். பழைய கோடு தேவைப்படுறது, புதுசா யாரும் போயி பாக்கத் தயாரா இல்லைங்கிறப்பதான்.

போன மாசம் ரெட்ரோஸ்பெக்டிவ் மீட்டிங்ல வாயைத் தொறந்தேன். ரெண்டு விஷயம் கேட்டேன். ஒண்ணு, ஷீட்டுல ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு காலாவதி தேதி. தேதி வந்தா வரிசை தானா போயிடும், வேணுங்கிறவங்க காரணம் சொல்லி மறுபடி சேக்கட்டும். ரெண்டாவது, ரெண்டு வருஷத்துக்கு மேலான ரேட்டிங் முதல் பக்கத்துல தெரிய வேண்டாம். ரெண்டாவது எச்.ஆர். பாலிசியாம், இந்த மீட்டிங்ல பேசக் கூடாதாம். முதலாவது ரொம்ப நல்ல ஐடியாவாம். உடனே ஷீட்டைத் திறந்து கீழ ஒரு வரிசை சேத்தாங்க: காலாவதியான வரிசைகள் உள்ளனவா எனச் சரிபார்க்கப்பட்டதா? ஆக இப்ப 44.

அக்கா பேப்பர் போட்டுட்டாங்க, நோட்டீஸ் பீரியட் ஓடுது. போற இடத்துல அவங்களைப் பத்தி ஒரு வரியும் இருக்காது, அதுவே நிம்மதின்னாங்க. நேத்து அவங்க இடத்துக்கு வந்திருக்குற பையனுக்கு ரிலீஸ் ஷீட்டை வச்சு கேடி குடுத்துட்டு இருந்தாங்க. 17-வது வரிசை வந்ததும் பையன், "ஃபேக்ஸ் சர்வர் எங்கக்கா இருக்கு?"ன்னான்.

"யெஸ்னு போட்டுடு தம்பி"ன்னாங்க.